பழைய ஃபோனில் வீடியோ அடம்பிடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்து செட்டிங்கை மாற்றுங்கள்

சித்தப்பா மகள் கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் ஆறு துண்டாகப் போட்டுக் கொடுத்தார். டிவியில் அட்டகாசமாக ஓடியது. பெரியம்மாவுக்கு அது தன் ஃபோனிலும் வேண்டும். அவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு 4.4 ஃபோன், பேரன் புதிது வாங்கியபோது கைமாறி வந்தது. மெமரி கார்டில் அப்படியே காப்பி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரியே கூப்பிட்டார்: "டேய், படம் விட்டு விட்டு ஓடுதுடா. அது போகட்டும், ஊமைப் படமா இருக்கு. நாதஸ்வரமே கேக்கல."

கன்வெர்ட் செய்து மறுபடி கொடுத்தேன். சத்தம் வந்தது, நொண்டல் போகவில்லை. மூன்றாவது தடவை எல்லாம் சரி, ஆனால் சொல்லிவைத்தாற்போலத் தாலி கட்டும் இடத்தில் படம் நின்றுவிட்டது. நான்காவது தடவைதான் பெரியம்மா முழுசாகப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டரை மணி நேர வீடியோவை முழுசாகக் கன்வெர்ட் செய்துவிட்டு, பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனம். அப்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

பழைய ஃபோன் ஏன் மறுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஃபோனில் வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையைப் பெரும்பாலும் சிப்புக்குள் இருக்கும் தனி டிகோடர்தான் செய்கிறது. இன்ன வகை வீடியோ, இன்ன அளவு வரை என்று அதைத் தயாரிக்கும்போதே வரையறுத்துவிடுகிறார்கள். பிறகு எந்த அப்டேட் போட்டாலும் அதன் கொள்ளளவு கூடாது. விஎல்சி, எம்எக்ஸ் பிளேயர் மாதிரி ஆப்களில் சாஃப்ட்வேர் டிகோடரைத் தேர்ந்தெடுத்தால் அந்த வேலையை பிராசஸர் எடுத்துக்கொள்ளும். சின்ன வீடியோ என்றால் அதுவே போதும். ஆனால் ஃபோன் சூடாகும், பேட்டரி கரையும். இரண்டரை மணி நேரக் கல்யாணத்துக்கு அது தாங்காது.

கன்வெர்ட் செய்வதற்கு முன் இரண்டு வேலை

முதல் வேலை, கையில் இருக்கும் ஃபைல் என்ன ஜாதி என்று பார்ப்பது. கம்ப்யூட்டரில் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் ஜாதகமே வந்துவிடும். அதில் ஆறு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீடியோ ஃபார்மட், அதன் புரொஃபைலும் (எந்தெந்தச் சுருக்க உத்திகள்) லெவலும் (எவ்வளவு சுமை வரை), பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்கம்) 8-ஆ 10-ஆ, ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) மாறாத கான்ஸ்டன்ட்டா மாறும் வேரியபிளா, ஸ்கேன் டைப் முழுப் படமாக வரும் புரொகிரசிவ்வா, ஒன்றுவிட்ட வரிகளாகப் பாதிப் பாதியாக வரும் இன்டர்லேஸ்டா, ஆடியோ ஃபார்மட். ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்று இருப்பதை நம்ப வேண்டாம். அது டப்பாவின் பெயர்தான்; உள்ளே இருப்பது சர்க்கரையா உப்பா என்று அது சொல்லாது.

இரண்டாவது வேலை, ஒரு நிமிடத் துண்டை மட்டும் கன்வெர்ட் செய்து, அதே ஃபோனில் ஓட்டிப் பார்ப்பது. நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் ரேஞ்ச் என்ற இடத்தில் சேப்டருக்குப் பதிலாக செகண்ட்ஸ் என்று மாற்றி, ஆரம்பமும் முடிவும் கொடுத்தால் அந்தத் துண்டு மட்டும் வரும். வீடியோவின் முதல் நிமிடத்தை எடுக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் பிள்ளையார் படமும் பெயர் எழுத்தும் அசையாமல் நிற்கும். எந்த ஃபோனும் அதை ஓட்டிவிடும். இருப்பதிலேயே கடினமான நிமிடத்தை எடுங்கள். கல்யாண வீடியோ என்றால் அது கெட்டிமேளம் கொட்டும் நிமிடம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது

2013, 2014 வாக்கில் வந்த ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் நான் தொடங்கும் இடம் இதுதான்: டப்பா எம்பி4. வீடியோ ஹெச்.264 (பழைய ஃபோனுக்கும் தெரிந்த சுருக்கும் முறை), 8 பிட். ஹேண்ட்பிரேக்கின் வீடியோ டேபில் என்கோடர் புரொஃபைல் பேஸ்லைன், லெவல் 3.0. அளவு 768×432. ஃபிரேம் ரேட் கான்ஸ்டன்ட், 25 அல்லது 30, மூல வீடியோவில் எது இருக்கிறதோ அது. பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் டேட்டா, சராசரியாக 1,000 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை ஆயிரம் பிட்). ஆடியோ ஏஏசி (ஒலியைச் சுருக்கும் முறை), ஸ்டீரியோ, 128 கேபிபிஎஸ். சம்மரி டேபில் வெப் ஆப்டிமைஸ்டு என்பதற்கு ஒரு டிக்.

இது ஓடினால், படம் இன்னும் தெளிவாக வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங் மட்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமல் முழிப்போம்.

இதைவிடப் பழைய, சின்னத் திரை ஃபோன்களுக்கு இன்னும் இறங்க வேண்டும். 2011-ல் வந்த சாம்சங் கேலக்ஸி ஒய்யின் திரை 240×320 புள்ளிதான். அதில் 432 வரி உயரம் கொடுத்து என்ன பயன்? 320×176, 300 கேபிபிஎஸ் போதும். மாறாக ஐஃபோன் 4-ம் முதல் ஐபேடும் 720பி வரை, மெயின் புரொஃபைல் லெவல் 3.1 வரை தாங்கும். ஐஃபோன் 4எஸ்ஸும் ஐபேட் 2-ம் 1080பி வரை போகும். 2007-ல் வந்த முதல் ஐஃபோனுக்கோ 640×480, 1.5 எம்பிபிஎஸ் என்பதே உச்சவரம்பு.

ஃபைலே திறக்கவில்லை, கேலரியிலேயே தெரியவில்லை

முதல் சந்தேகம் டப்பா மீதுதான் வர வேண்டும். எம்கேவி ஃபைலை ஆண்ட்ராய்டு 4.0-லிருந்துதான் ஃபோன் தானாகத் திறக்கும். கேமராவிலிருந்து வரும் எம்டிஎஸ், பழைய ஏவிஐ போன்றவற்றை நிறைய ஃபோன்களின் கேலரி சீந்துவதே இல்லை. உள்ளே இருக்கும் வீடியோ ஹெச்.264, ஆடியோ ஏஏசி என்றால் மறுபடி கன்வெர்ட் செய்யவே தேவையில்லை, டப்பாவை மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக்கிலோ ஷட்டர் என்கோடரிலோ ரீரேப் என்ற வேலை அதுதான். சில நிமிடத்தில் முடியும், படத் தரமும் ஒரு துளி குறையாது. ஹேண்ட்பிரேக் இதைச் செய்யாது. அது எப்போதும் வீடியோவைப் புதிதாகத்தான் சமைக்கும்.

பெயரை மட்டும் எம்கேவியிலிருந்து எம்பி4 என்று மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஒன்றும் ஆகாது.

காப்பி செய்யும்போதே பாதியில் எரர் வருகிறதென்றால் அது வீடியோ சிக்கல் அல்ல. 32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகள் பொதுவாக ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைல் ஏறாது. ஸ்டுடியோக்காரர் ஆறு துண்டாகக் கொடுத்ததற்கும் அதுவே காரணம். எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை முன்பே கணக்குப் போடலாம்: வீடியோ 1,000, ஆடியோ 128, ஆக 1,128 கேபிபிஎஸ். இரண்டரை மணி நேரம் என்றால் 9,000 நொடி. பெருக்கி எட்டால் வகுத்தால் சுமார் 1.27 ஜிபி.

சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பு

இது பெரியம்மா வீட்டில் வேறொரு வீடியோவுக்கு வந்தது. மருமகன் புது ஐஃபோனில் எடுத்த வளைகாப்பு. "வளையல் சத்தம் கேக்குது, வளையலைக் காணோம்" என்றார். அந்த ஃபைல் ஹெச்.265, அதாவது ஹெவிக். ஐஃபோன் 7-ம் அதற்குப் பின் வந்தவையும் 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இந்த முறையில் பதிவு செய்கின்றன. ஆண்ட்ராய்டு அதைப் பிரிக்கக் கற்றதோ 5.0-ல்தான். 4.4-க்கு அது அந்நிய பாஷை. கூடவே இருந்த ஏஏசி ஆடியோ மட்டும் தெரிந்த பாஷை.

தீர்வு, மேலே சொன்ன செட்டிங்கில் ஹெச்.264-ஆக மாற்றுவது. இனி எடுக்கப்போகும் வீடியோக்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: ஐஃபோனின் செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அங்கே மோஸ்ட் கம்பாட்டிபிள். சீமந்தத்துக்கு முன்பே மருமகனிடம் சொல்லிவைத்திருக்கலாம்.

ஃபைல் ஏற்கெனவே ஹெச்.264-ஆக இருந்தும் திரை கறுப்பாக இருந்தால் பிட் டெப்த்தைப் பாருங்கள். 10 பிட் ஹெச்.264-ஐ ஃபோன்களின் ஹார்டுவேர் டிகோடர்கள் எடுப்பதில்லை. இணையத்தில் சுற்றும் ஜப்பானிய கார்ட்டூன் ஃபைல்களில் இது சகஜம். ஹேண்ட்பிரேக்கின் என்கோடர் பட்டியலில் ஹெச்.264 என்றும் ஹெச்.264 10 பிட் என்றும் அடுத்தடுத்து இருக்கும். கை தவறி இரண்டாவதை எடுத்தால் நீங்களே இந்தச் சிக்கலை உண்டாக்கிவிடுவீர்கள்.

படம் ஓடுகிறது, சத்தமே இல்லை

பெரியம்மாவின் முதல் புகார். ஸ்டுடியோக்களில் புழங்கிய ஏவிசிஹெச்டி கேமராக்கள் ஒலியை ஏசி3, அதாவது டால்பி டிஜிட்டல் முறையில் பதியும். அந்த ஒலி அப்படியே ஃபைலில் வந்தால் டிவி அதைப் பிரித்துவிடும். ஃபோனுக்கு அந்த உரிமம் இல்லையென்றால் ஊமைதான். டிடிஎஸ் ஒலிக்கும் இதே கதை.

ஆடியோ டேபில் பாஸ்த்ரு என்று எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். பாஸ்த்ரு என்றால் மூல ஒலியைத் தொடாமல் அப்படியே கடத்து என்று பொருள். ஹேண்ட்பிரேக்கின் சில ரெடிமேட் பிரீசெட்டுகள் ஏஏசி ஒரு டிராக், ஏசி3 ஒரு டிராக் என்று இரண்டு வைக்கும். பழைய ஃபோனுக்கு ஒன்றே போதும்: ஏஏசி, மிக்ஸ்டவுன் ஸ்டீரியோ.

சத்தம் வருகிறது, ஆனால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல மந்தமாக இருக்கிறதா? ஹெச்இ-ஏஏசி தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது மேல் சுரங்களைத் தனியாகச் சுருக்கி வைக்கும்; அதைப் புரிந்துகொள்ளாத டிகோடர் கீழ்ப்பாதியை மட்டும் ஒலிக்கும். சாதாரண ஏஏசிக்கு மாற்றுங்கள்.

படம் நொண்டுகிறது, சத்தம் முன்னால் ஓடுகிறது

அதிகம் வருவதும் இதுதான், தப்பாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். பலரும் முதலில் மெமரி கார்டைத் திட்டுவார்கள். கிளாஸ் 4 கார்டு என்றாலே நொடிக்கு 4 மெகாபைட் எழுதத் தெரிந்தது. அதாவது 32 எம்பிபிஎஸ். நாம் கொடுக்கும் வீடியோ 1 எம்பிபிஎஸ். நல்ல கார்டு என்றால் குற்றவாளி அது இல்லை.

ஹெச்.264 ஒவ்வொரு ஃபிரேமையும் 16க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டித்தான் வேலை செய்கிறது. மேக்ரோபிளாக் என்பது அதன் பெயர். லெவல் என்று நாம் தேர்ந்தெடுக்கும் எண் வேறொன்றுமில்லை, ஒரு ஃபிரேமில் எத்தனை கட்டம், ஒரு நொடியில் எத்தனை கட்டம் என்பதற்கான உச்சவரம்பு. லெவல் 3.0-க்கு நொடிக்கு 40,500 கட்டம். 3.1-க்கு 1,08,000. 4.0-க்கு 2,45,760.

இப்போது என் இரண்டாவது முயற்சி ஏன் தோற்றது என்று பாருங்கள். 1920×1080 என்றால் அகலத்தில் 120 கட்டம், உயரத்தில் 67.5, அரைக் கட்டம் கிடையாது என்பதால் 68. ஆக ஒரு ஃபிரேமுக்கு 8,160. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 2,44,800, லெவல் 4.0-க்குள் மயிரிழையில் அடங்கும். ஸ்டுடியோ வீடியோ இன்டர்லேஸ்டு. அதைப் பிரிக்கும் ஃபில்டரில் பாப் என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருந்தேன், அசைவு வழவழவென்று இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு. பாப் ஒவ்வொரு பாதி ஃபிரேமையும் முழு ஃபிரேமாக்கிவிடும். 25 என்பது 50 ஆனது. 8,160 பெருக்கல் 50, 4,08,000. பெரியம்மாவின் ஃபோன் என்ன செய்யும், பாவம்.

ஆகவே நொண்டினால் முதலில் ஃபிரேம் ரேட்டைப் பாருங்கள். 50 என்றால் 25, 60 என்றால் 30. சரிபாதி ஆக்கினால் அசைவு சீராக இருக்கும். 25-ஐ 30 ஆக்குவது, 24-ஐ 25 ஆக்குவது போன்ற வேலை வேண்டாம். கேமரா மெல்லத் திரும்பும் இடங்களில் படம் உதறும்.

அடுத்து அளவு. 768×432 என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. 48 கட்டம் அகலம், 27 கட்டம் உயரம், ஃபிரேமுக்கு 1,296. 30 ஃபிரேமுக்கு 38,880. லெவல் 3.0-க்குள் கச்சிதமாக உட்காரும்.

பேஸ்லைன் புரொஃபைல் எதற்கு? அதில் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்து எழுதப்படும் பி-ஃபிரேமும் இல்லை, கபாக் என்ற சிக்கலான சுருக்கமும் இல்லை. டிகோடருக்கு வேலை குறைவு. அதற்குப் பதிலாக அதே தரத்துக்கு ஃபைல் கொஞ்சம் பெரிதாகும். பழைய ஃபோனுக்கு அந்த பேரம் லாபம்தான். பேஸ்லைன் கட்டாயமில்லை, ஆனால் சாஃப்ட்வேர் டிகோடரில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஃபாஸ்ட் டிகோட் என்ற டிக்கைப் போடலாம். அதுவும் கபாக், டீபிளாக்கிங் (கட்டங்களின் ஓரம் தெரியாமல் மழுப்புவது) இரண்டையும் நிறுத்தி பிராசஸரின் சுமையைக் குறைக்கும்.

எல்லா இடத்திலும் ஓடி, ஒரே ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது

தாலி கட்டும் இடம்.

வீடியோ சுருக்கம் என்பதே முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிவைக்கும் கலை. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் பின்னால் இருக்கும் பந்தலும் தோரணமும் அசையாது, எழுத ஒன்றுமில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பூவிதழும் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இடத்தில். போதாக்குறைக்கு ஃபோட்டோகிராஃபர்களின் ஃபிளாஷ் வெட்டி வெட்டி முழு ஃபிரேமின் வெளிச்சத்தையே மாற்றும். முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. அந்த அரை நிமிடத்துக்கு பிட்ரேட் எகிறும்.

மூன்றாவது முயற்சியில் 720பி வைத்து, பிட்ரேட்டுக்குப் பதில் கான்ஸ்டன்ட் குவாலிட்டியில் 18 கொடுத்திருந்தேன். இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும். தரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டால், என்கோடர் அட்சதை இடத்தில் கணக்குப் பார்க்காமல் பிட்டுகளை அள்ளி வீசும். சராசரியைப் பார்த்தால் சாதுவான ஃபைல். அந்த இடத்தில் மட்டும் பூதம்.

தீர்வு, உச்சவரம்பு போடுவது. வீடியோ டேபில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற பெட்டியில் விபிவி-மேக்ஸ்ரேட் (vbv-maxrate), விபிவி-பஃப்சைஸ் (vbv-bufsize) என்ற இரண்டையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சமக்குறி போட்டு 1500 கொடுங்கள். இரண்டுக்கும் நடுவே முக்காற்புள்ளி. பிட்ரேட் 1,500-ஐத் தாண்ட என்கோடர் விடாது. அட்சதை பறக்கும்போது படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும். தெரியட்டும். அந்த இடத்தில் யாரும் அரிசியைப் பார்ப்பதில்லை.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவு தள்ளி இருந்தால் அது மூல ஃபைலிலேயே இருக்கும் பிசகு. முதலில் சரியாக இருந்து, போகப் போக விலகினால் வேரியபிள் ஃபிரேம் ரேட். ஃபோனில் எடுத்த வீடியோக்கள் பெரும்பாலும் இப்படித்தான். வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாக ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும். பழைய பிளேயர் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே நேரம் என்று நினைத்து ஓட்டும். வீடியோ டேபில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்று வையுங்கள். சேம் ஆஸ் சோர்ஸ் என்று விடாமல் 30 என்று எண்ணையும் கொடுங்கள்.

ஓரத்தில் பச்சைக் கோடு, படம் சிதறுகிறது

அந்த 16-ன் மடங்கு விவகாரம்தான் இதுவும். 640×360 நல்ல எண்ணாகத் தெரியும். ஆனால் 360-ஐ 16 வகுக்காது. மீதிக் கட்டத்தில் என்கோடர் நிரப்பிவைத்த உதவாத வரிகளைச் சில பழைய டிகோடர்கள் வெட்டாமல் காட்டிவிடும். அதுதான் கீழே தெரியும் பச்சைப் பட்டை. 16:9 விகிதம் பிசகாமல் இரண்டு பக்கமும் 16-ன் மடங்காக வரும் அளவுகள் சில உண்டு: 256×144, 512×288, 768×432, 1024×576, 1280×720. பழைய 4:3 படங்களுக்கு 320×240, 640×480. இவற்றை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்திருக்கிறேன். முன்னே சொன்ன 320×176 இந்த விகிதத்திலிருந்து துளி பிசகும். மேலும் கீழும் சில வரிகளை கிராப் செய்தால் சரியாகிவிடும். ஹேண்ட்பிரேக்கின் ஆட்டோ கிராப் கறுப்பு ஓரங்களை வெட்டும்போது 532 மாதிரி ஏடாகூடமான எண்ணைக் கொண்டுவரும். அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டை இல்லை, ஆனால் அசையும்போதெல்லாம் படம் கலங்கி ஒட்டுப்போட்டதுபோல ஆகிறதென்றால் ரெஃபரன்ஸ் ஃபிரேம் அதிகம். டிகோடர் நினைவில் வைத்திருக்க வேண்டிய பழைய ஃபிரேம்களின் எண்ணிக்கை அது. லெவலை ஆட்டோவில் விடாமல் 3.0 அல்லது 3.1 என்று குறிப்பிட்டால் அதற்கேற்ப எண்ணிக்கை அடங்கும்.

அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல்

இன்டர்லேஸ். ஸ்டுடியோ கேமரா, பழைய டிவிடி, கேசட்டிலிருந்து மாற்றியது எல்லாவற்றிலும் வரும். ஃபில்டர்ஸ் டேபில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாடிஃப் அல்லது டிகோம்ப், பிரீசெட் டிஃபால்ட். பாப் வேண்டாம், நான் பட்டது போதும். அளவைச் சுருக்கினால் பல் தானாக மறைந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். வரிகள் ஒன்றோடொன்று கலந்து, பிறகு எதைப் போட்டாலும் பிரியாத கறையாக நின்றுவிடும்.

எல்லாரும் ஒல்லியாகத் தெரிகிறார்கள், அல்லது படுத்துக்கிடக்கிறார்கள்

டிவிடியிலிருந்து எடுத்த அகலத்திரைப் படம் உள்ளே 720×576-ஆகத்தான் இருக்கும். பார்க்கும்போது 1024 அகலத்துக்கு இழுத்துக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கூடவே வரும். பழைய பிளேயர் அந்தக் குறிப்பைப் படிக்காது. மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் ஒரு சுற்று இளைத்துவிடுவார்கள். டைமன்ஷன்ஸ் டேபில் அனமார்ஃபிக்கை ஆஃப் செய்து, இழுத்த அளவிலேயே எழுதுங்கள்.

படம் பக்கவாட்டில் படுத்திருப்பதும் இதே ரகம். ஃபோனை நிறுத்திவைத்து எடுத்தால் படம் திரும்புவதில்லை, "90 டிகிரி திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் சேரும். அதே டேபில் ரொட்டேஷன் இருக்கிறது. படத்தையே திருப்பி எழுதிவிடுங்கள்.

நிறம் வெளிறிப்போய்ச் சாயம் போன சேலை மாதிரி இருக்கிறது

மூல வீடியோ ஹெச்டிஆர், அதாவது வெளிச்சமும் நிறமும் கூடுதல் வீச்சில் பதிவானது. ஐஃபோன் 12-லிருந்து இப்படி எடுக்கும் வசதி இருக்கிறது. ஃபில்டர்ஸ் டேபில் கலர்ஸ்பேஸ் என்ற இடத்தில் பிடி.709 தேர்ந்தெடுத்தால் சாதாரணத் திரைக்கேற்ற நிறத்துக்கு வரும்.

முன்னே தள்ளினால் வெகுநேரம் யோசிக்கிறது

முழு ஃபிரேமாகச் சேமிக்கப்படும் கீஃபிரேம்கள் தூரம் தூரமாக இருக்கின்றன. பத்து நொடிக்கு ஒன்று என்பது வழக்கம். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கீஇன்ட் (keyint) என்பதற்கு 50 கொடுத்தால் 25 ஃபிரேம் வீடியோவில் இரண்டு நொடிக்கு ஒன்று வரும். ஃபைல் கொஞ்சம் பருக்கும், ஆனால் பெரியம்மா விரலால் தள்ளித் தள்ளி நேராகப் பந்திக்குப் போய்விடுவார்.

சப்டைட்டிலில் தமிழ் கட்டங்கட்டமாக வருகிறது

பழைய ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கலாம். சப்டைட்டில் ஃபைலை யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, சப்டைட்டில்ஸ் டேபில் பர்ன் இன் டிக் போட்டுப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுங்கள். பிறகு அணைக்க முடியாது, அவ்வளவுதான்.

பட்டன் ஃபோன்

பெரியப்பா ஸ்மார்ட்ஃபோனைத் தொடமாட்டார். அவருடையது பழைய நோக்கியா பட்டன் ஃபோன். "எனக்கும் அந்தத் தாலி கட்டுறதை மட்டும் போட்டுக் குடு" என்றார். இங்கே பேஸ்லைன் கதையெல்லாம் எடுபடாது. இந்த ரகம் நம்பிக்கையாக ஓட்டுவது 3ஜிபி ஃபைல்தான். மூன்று ஜிகாபைட் இல்லை. ஃபைல் வகையின் பெயரே அது. ஹேண்ட்பிரேக் 3ஜிபி எழுதாது, அதனால் விண்டோஸில் ஃபார்மட் ஃபேக்டரி. வீடியோ ஹெச்.263, அளவு 176×144, 15 ஃபிரேம், 100 கேபிபிஎஸ். ஹெச்.263-க்கு அளவில் விட்டுக்கொடுக்கவே தெரியாது. 128×96, 176×144, 352×288 என்று எண்ணி வைத்த சில அளவுகள்தான். 180×140 என்று நாமாக எதையாவது கொடுத்தால் ஃபார்மட் ஃபேக்டரி எரர் காட்டும்.

ஒலிக்கு முதலில் ஏஎம்ஆர் கொடுத்தேன். ஏஎம்ஆர், பேச்சுக்காக உருவானது. ஃபோன் பேசும்போது கேட்கும் குரல் அளவுக்கு மேலும் கீழும் இருப்பதையெல்லாம் வெட்டிவிடும். நாதஸ்வரம் கொசு ரீங்காரம் மாதிரி கேட்டது, தவில் காணவே காணோம். அந்த ஃபோன் ஏஏசியையும் எடுக்கும் என்பது ஒரு நிமிடத் துண்டில் ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. மோனோ, 32 கேபிபிஎஸ் வைத்தேன். நாலு நிமிடக் காட்சி நாலு எம்பிகூட வரவில்லை. தீப்பெட்டி அளவு திரையில் மாப்பிள்ளை யார் பொண்ணு யார் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெரியப்பா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கெட்டிமேளத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.